மேடு ஏறும் துடிப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடந்த முருகையாவின் இதயம் நடக்கத் தொடங்கியது.

கண்ணைத் திறந்தார். காய்ந்த ரப்பர் இலைகள் தகரக் கூரையில் உரசிக்கொண்டிருந்தன. ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த வாடையும் மனைவி மங்கம்மா வறுத்த நெத்திலியின் வாடையும் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் கலந்து நின்றன. மேட்டுக்குக் கீழே, பகாவ் பட்டணத்திலிருந்து வந்த பஸ் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் உறுமல் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம். டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "அந்தப் பெட்டி உடம்பு குலுங்கிறதப் பார்க்கும், ஐயா. நடந்தா வேகமா துடிக்க வைக்கும். மேடு ஏறினா இன்னும் வேகமா. உக்கார்ந்தா அறுபதுக்கு இறக்கிடும். பயமும் கோவமும் அதுக்குத் தெரியாது."

முருகையா மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். எண்பது. தொண்ணூறு.

மங்கம்மா மிதிக்கும் தையல் மெசின் தரையை அதிர வைக்கிறதோ?

"மங்கா, மெசின நிறுத்து லா!"

மெசின் நின்றது. துடிப்பு குறையவில்லை. நூற்றுப் பத்து.

மேடு ஏறும் துடிப்பு. மூன்று மணி பஸ்ஸில் இறங்கி, ஞாயிறு தவறாமல் இந்த மேட்டில் ஏறி வந்தவர் ஒருவர்தான். மங்கம்மாவின் அண்ணன் ஆறுமுகம். அவர் நெஞ்சிலும் ஒரு பெட்டி இருந்தது. செத்து நாலு மாதம். தீயில் வெடித்துவிடும் என்று, எரிப்பதற்கு முன்பே அதை வெட்டி எடுத்தார்கள்.

எடுத்து யாரிடம் கொடுத்தார்கள்?

"மங்கா. எனக்கு வச்சது புதுசுதான?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "புதுசுக்கு நாம எங்க போறது? சுத்தம் பண்ணியாச்சு, நல்லா ஓடுதுன்னு டாக்டரே சொன்னாருங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வச்சிருப்பீங்களா? எங்கண்ணன் குடிச்ச கிளாசக்கூடத் தொடமாட்டீங்க." குரல் தாழ்ந்தது. "அவரு சாகுறதுக்கு முந்தியே கேட்டுட்டேன். எடுத்துக்க, ஆனா இரவல்தான்னாரு. நான் சரின்னேன்."

முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவள். தலை நிமிரவில்லை.

துடிப்பு இறங்கியது. நூறு. எண்பது. ஏறி முடித்து, வாசலில் நின்று மூச்சு வாங்குகிறவனின் துடிப்பு.

வெளியே சருகு நொறுங்கியது. ஒரு முறை.

முருகையா எழுந்து பின்கதவுக்கு ஓடினார். நான்கு அடி. கண் இருட்டியது. அவர் ஓட, இதயம் ஓடவில்லை. எழுபது. சுவரோடு சரிந்தார்.

மங்கம்மா எழுந்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். முன்கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே."

யாரும் இல்லை. வெயில் மட்டும்.

சாய்வு நாற்காலியின் துணி மெதுவாகப் பள்ளம் விழுந்து இறங்கியது.

முருகையா அலற வாயைத் திறந்தார். உள்ளே இதயம், உட்கார்ந்து இளைப்பாறுகிறவனுடையதைப் போல, நிதானமாக அறுபதுக்கு வந்து நின்றது.