படுதா இறங்காத கடை

"சாயங்காலத்துக்குள்ள நூல் வந்து சேரலைன்னா, எங்க வீட்டுக்காரவுகளைப் போலீஸ்ல ஒப்படைச்சிருவாகளாம் ஐயா," என்றாள் பேச்சி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

திருச்சுழி தாலுகா ஆபீஸ் சர்வேயர் ராஜகுரு, அருப்புக்கோட்டையில் குடியிருந்தார். சிக்கல் என்றால் ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். பேச்சியின் கணவன் சோலைச்சாமி, ஐயாத்துரையின் நூல் கடையில் வேலையாள். போன வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் சோலைச்சாமியும் முதலாளி மகன் சின்னத்துரையும் மட்டும்தான். அந்த நேரத்தில் சாய நூல் கட்டு ஒன்று காணாமல் போயிற்று. சோலைச்சாமி அதைத் தோளில் சுமந்து போவது சின்னத்துரை எடுத்த போட்டோவில் இருந்தது.

"அன்னிக்கு நூல் கட்டையே தொடலைங்காக. ஆனா படத்துல இருக்காகளே!"

"படம் பொய் சொல்லாது அண்ணாச்சி," என்றான் ஆபீஸ் குமாஸ்தா தனுஷ்கோடி. ஐப்பசி பிறந்ததிலிருந்து கழுத்தில் கேமராவோடு டவுனைச் சுற்றுபவன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், மழையில் நனைந்த தள்ளுவண்டி, பருத்திப் பொதிமேல் தூங்குபவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பான்.

"படம் சொல்லாது. காட்டுறவன் சொல்லலாமில்ல? நீ கடைவீதியில எடுத்ததையெல்லாம் கொண்டு வா."

கடைவீதி கிழக்கு மேற்காக நீண்டிருந்தது. பேச்சியோடு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி நெருங்கியிருந்தது. கார்த்திகை வெயில் வடக்கு வரிசைக் கடைகளுக்குள் விழுந்தது. ஐயாத்துரை கடை உட்பட அந்த வரிசை முழுவதும் சாக்குப் படுதாவை இறக்கியிருந்தது. எதிர்வரிசை நிழலில் இருந்தது.

"வாங்க! எருமையைப் படம் புடிக்கிற அண்ணன் வாராரு," என்று சிரித்தான் சின்னத்துரை. தராசுக்கு அருகே சோலைச்சாமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

ராஜகுரு போட்டோவை வாங்கிப் பார்த்தார். கடையிலிருந்து நாலடி தள்ளி, தெருவைப் பார்த்து வருகிறான் சோலைச்சாமி. தோளில் கட்டு. காலுக்கு முன்னால் தெருவில் குட்டையான நிழல். பின்னால் கடையின் படுதா மேலே சுருட்டியிருந்தது.

"எப்ப எடுத்தீக தம்பி?"

"வெள்ளிக்கிழமை உச்சியில. இவன் தூக்கிட்டுப் போறதைக் கண்ணால பாத்துத்தான் எடுத்தேன். ஸ்டூடியோ கவர்ல தேதி இருக்கு."

"படுதா சுருட்டியிருக்கே?"

"இறக்க மறந்திருப்பான்."

ஐயாத்துரை நிமிர்ந்தார். "கார்த்திகை உச்சியிலயா? ஒரு பொழுது வெயில் பட்டாலே சாயம் வெளுத்திரும். எங்கடையில அது மறக்காது."

ராஜகுரு படுதாவைச் சுருட்டச் சொன்னார். சோலைச்சாமியைத் தெருவில் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தினார். நிழல் அவன் முதுகுக்குப் பின்னால், கடைப்படியில் விழுந்தது.

"அண்ணாச்சி, படத்துல முன்னாடி விழுதே!" தனுஷ்கோடி பரபரவென்று தன் படங்களைப் பரப்பினான். எல்லாவற்றிலும் நிழல்கள் வடக்கே சாய்ந்திருந்தன.

"நம்ம ஊருக்கு வருஷத்துல ரெண்டு பக்கமும் வெயில் உண்டு," என்றார் ராஜகுரு. "சித்திரையில சூரியன் தலைக்கு மேல வந்து, அப்புறம் வடக்கே போகும். ஆவணியில திரும்பும். ஆனியில உச்சி நிழல் தெற்கே விழும். எதிர்வரிசைதான் படுதா இறக்கும். கார்த்திகையில காலையானாலும் மாலையானாலும் சூரியன் தெற்கேதான். இது ஆனி வாக்குல எடுத்த படம். முதலாளி சொல்லி இவன் நெசவுக்காரவுகளுக்குக் கட்டு சுமந்த ஏதோ ஒரு நாள்."

"ஆனா கவர்ல தேதி?" என்றார் ஐயாத்துரை.

"அது கழுவின தேதி. பிலிம் விக்கிற விலையில, ஆனியில போட்ட சுருள் கார்த்திகையிலதான் தீருது. ஆறு மாசமும் ஒரே கவர்ல வருது."

"எனக்கு… மாறிப்போச்சு," என்றான் சின்னத்துரை.

"படம் மாறலாம் தம்பி. கண்ணால பாத்ததும் மாறுமா? அன்னிக்குக் கடையில இருந்தது நீங்க ரெண்டே பேரு."

"ஏலே, நூல் எங்க?" ஐயாத்துரை மகன் பக்கம் திரும்பினார்.

"எம்.ரெட்டியபட்டியில… என் சேக்காளி ஒருத்தன் வீட்டுல."

சுருட்டிய படுதாவுக்குக் கீழே வெயில் நூல் அடுக்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஐயாத்துரை அதைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், "சோலை, உள்ள வாப்பா. படுதாவை இறக்கு," என்றார்.

சோலைச்சாமியின் கால் படியை நோக்கி நகர்ந்தது. பேச்சி அவன் கையைப் பிடித்தாள்.

"உங்க மகனை இறக்கச் சொல்லுங்க மொதலாளி," என்றாள்.

இருவரும் தெருவில் நடந்தார்கள். கடைப்படியில் கிடந்த நிழலும் அவனோடு போய்விட்டது.