உளுந்தளவு வலை

மீஞ்சூர் ரயில் நிலையத்தின் பின்தெருவில் இருந்த அமுதவல்லியின் வீட்டுக்கு நந்தினி தன் தகப்பனார் கங்காதரனோடு வந்தாள். பழவேற்காட்டு மீனவக் குப்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் நாற்காலியில் அமர மறுத்துச் சுவரோரம் நின்றார்.

"என்கூட வேலை செய்யற பிரவீனை நாளைக்கு ஆய்வுக்கூடத்திலேர்ந்து அனுப்பிடுவாங்க மேடம். நான் செஞ்ச தகட்டைக் கெடுத்தது அவன்தான்னு பழி," என்றாள் நந்தினி.

கைரேகைத் துறையில் முப்பது வருடம் உருப்பெருக்கியோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவள் அமுதவல்லி. "முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். அவள் கணவர் பிரபாகரன், முன்னாள் ரயில் கார்டு, ஆவலோடு நோட்டைத் திறந்தார்.

"காத்தே இல்லாத குழாய்ல ஹீலியத் துளிகளைப் பாய்ச்சுவோம். பூஜ்யத்துக்குக் கீழ இருநூத்தி எழுபத்திரண்டு டிகிரி. அதுக்குள்ள வெள்ளி அணுக்கள் சேர்ந்து மணியாகும். தகட்டுல மோதினதும் துளி ஆவியாயிடும், மணி மட்டும் தங்கும். நானா செஞ்ச முதல் தகடு. பிரவீன் பெட்டியில வெச்சுக் கொடுத்தான். மூணு வாரம் முன்னாடி, சனி, ஞாயிறு எங்க வீட்டுல இருந்தது. நான் திறக்கவே இல்லை. திங்கக்கிழமை மைக்ராஸ்கோப்ல பார்த்தா இப்படி."

அவள் நீட்டிய படத்தில், வெள்ளி மணிகளின் மேல் ஒரு வட்டத்தின் விளிம்பு நெடுக உப்புக் கட்டிகள். இடையிடையே ஊசிகள்.

"பையன் கை வேர்வை!" என்றார் பிரபாகரன்.

"வேர்வையில இப்படி ஊசி வராதுங்க," என்றாள் அமுதவல்லி. "கடல்தண்ணி காய்ஞ்சா அதுல இருக்கிற ஜிப்சம் ஊசியா நிக்கும். ஒரு சொட்டு விழுந்து காய்ஞ்சிருக்கு."

"அப்ப எவனோ பாட்டில்ல கடல்தண்ணி எடுத்துட்டு..."

"நீங்க எழுதுங்க, போதும்."

கங்காதரன் தொண்டையைச் செருமினார். "இன்னாத்துக்கும்மா இம்மாம் பேச்சு? உளுந்தளவு வலை ஒண்ணு போச்சு. வேற செஞ்சா ஆச்சு."

அமுதவல்லி நிமிர்ந்தாள். "நாங்க எல்லாரும் தகடுன்னுதான் சொன்னோம் ஐயா. அளவை யாருமே சொல்லலை. நந்தினி, அது வலையா?"

"செம்பு வலைதான் மேடம். மேல மெல்லிசா கரிப்படலம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் கண்ணி தெரியும்." சொல்லிக்கொண்டே தகப்பனார் பக்கம் திரும்பினாள். "நைனா?"

"புது வலைக்கு உங்க குப்பத்துல முதல்ல என்ன செய்வீங்க?" என்று அமுதவல்லி மெல்லக் கேட்டாள்.

"கடல்தண்ணி தெளிப்போம்," என்றார் கங்காதரன். "எம்பொண்ணோட மொத வலை. பொட்டியத் தொறந்து ஒரே சொட்டுதாம்மா. கெட்டுப்போச்சுன்னு இவ சொன்ன அன்னிக்கே புரிஞ்சுது. எங்க வீட்டுல என் தப்புன்னு எவனும் சொன்னதில்ல. அதான் வாய் வரல."

"மூணு வாரம் நைனா! பிரவீன் அம்மா தினம் போன்ல அழுதாங்க. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

கங்காதரன் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "மெட்ராசுக்கு அடுத்த வண்டி எப்போ?"

"பதினொண்ணு பத்து," என்றார் பிரபாகரன், நோட்டை மூடியபடி.

"ஆய்வுக்கூடத்துக்கு அப்பறம் போலாம். மொதல்ல அந்தப் பையனோட அம்மா வீட்டைக் காட்டு."