ஓர் ஆளுக்கு இடம்

வண்டி மேல்நெல்லியை நெருங்கும்போது பகல் பதினொன்றரை. ஜவ்வாது மலையில் அந்த நேரத்துக்கு வெயில் ஏறியிருக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் எழுந்து சாலையின் மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கு முந்தின வளைவில் வேடியப்பன் கல் நிற்கிறது. எந்தக் காலத்திலோ மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு நட்ட கல். வில்லோடு நிற்கும் அந்த உருவத்துக்கு மலைக்காரர்கள் வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். கவிநிலா இதை விருந்தினர்களுக்குக் காட்டி விளக்க வேண்டும். அவளுடைய வேலையே அதுதான்.

அவள் விளக்கவில்லை. தலையைக் குனித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தாள்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் துண்டு. கையில் மஞ்சள் பை.

இனியா.

கவிநிலாவுக்குக் காது மடல் சுட்டது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. பிழைத்துக்கொண்டாளே, அது போதும்.

கவிநிலா தாவரவியல் படித்தவள். வீடு வேங்கிக்காலில். செங்கம் சாலையில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை. ஊரின் பெரிய கோயிலையும் அதன் பின்னால் நிற்கும் மலையையும் பார்த்து முடித்தவர்களுக்கு, யாரும் அதிகம் போகாத இடங்களைக் காட்டும் மூன்று நாள் பயணம் அவர்களிடம் உண்டு. செங்கத்தின் நடுகற்கள், ஒரு காலத்தில் தலைநகராக இருந்த படவேடு, கடைசி நாள் ஜவ்வாது மலைக் கிராமங்கள். ஜவ்வாது மலைக்கு மட்டும் அவள் ஒரு வருடமாக வரவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி, கூட வேலை செய்யும் அபிநயாவை அனுப்பிவிடுவாள். இந்த வாரம் அபிநயாவுக்குத் தங்கை கல்யாணம்.

போன வருடம் இதே ஊரில் இனியாதான் வழிகாட்டினாள். பதினேழு வயது. காட்டுக்குள் இருக்கும் பழைய கல் வீடுகள் வரை நடந்து காட்டிவிட்டு, திரும்பும்போது உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் கவிநிலாவின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நாலு நாளா காய்ச்சல். வண்டியில என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? ஆஸ்பத்திரில காட்டணும்."

முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளி. பின் சீட்டில் கவிநிலாவும் விருந்தாளி அம்மாளும். நடுவில் ஒரு கேமரா பை. அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். கவிநிலா அதை மனதுக்குள் நான்கு முறை அடுக்கிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேருந்தில் நிறுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோனாலும் நடத்துனரைக் கூப்பிட மாட்டாள்.

"நாளைக்குப் பாக்கலாம்மா," என்றாள். "வரேன்."

வண்டி கிளம்பிவிட்டது. வரேன் என்பது விடைபெறும் சொல்தானே என்று அன்று இரவெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

இந்த முறை அலுவலகம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தது இனியாவின் வீட்டில் என்பதே அங்கே போய்ச் சுவரில் இருந்த அவளுடைய பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்த பிறகுதான் கவிநிலாவுக்குத் தெரிந்தது. அம்மா உண்ணாமலை போன வருடம் அன்று களையெடுக்கப் போயிருந்ததால் கவிநிலாவைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். புனேயிலிருந்து வந்திருந்த தம்பதி சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே கோழிகளைப் படம் எடுக்கப் போனார்கள்.

"சாமை சாப்ட்டா சுகர் கம்மி ஆவுமாமே," என்றார் ஓட்டுநர் முருகவேல், மூன்றாம் முறை தட்டை நீட்டி. "எனக்கு இன்னியோட ஒண்ணுமே இருக்காது."

உண்ணாமலை சிரித்துக்கொண்டே போட்டாள். அந்தச் சிரிப்பு கவிநிலாவுக்குத் தைரியம் கொடுத்தது.

"உங்க பொண்ணு நல்லா இருக்குதுங்களா? வர்றப்ப பாத்தேன். அந்தக் கல்லு பக்கத்துல நின்னுச்சு."

கரண்டி நின்றது.

"பாத்தியா?"

"ஆமாங்க. மஞ்சப் பை வெச்சிக்கினு."

உண்ணாமலை கரண்டியைக் குண்டானுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"யார் யாரோ பாத்தேன்றாங்க. எனக்கு மட்டும் மொகத்தக் காட்ட மாட்டேன்றா. செத்து ஒரு வருசம் ஆவப்போவுது. பெத்தவளுக்கு ஒரு நாள்கூடக் காட்டல."

முருகவேலின் கை தட்டிலேயே இருந்தது.

அடுப்பில் ஈரவிறகு சீறியது.

"யாரோ ஆபீஸ் பொண்ணு வரேன்னு சொல்லிட்டுப் போச்சாம்," என்றாள் உண்ணாமலை. "நான் காட்டுலர்ந்து வந்து பாத்தா, துணியெல்லாம் மடிச்சிப் பையில வெச்சிக்கினு உக்காந்திருக்கா. அக்கா வரேன்னாங்கம்மான்றா. மறுநாள் விடியறப்பவே வளைவாண்ட போய் நின்னா. பொழுது போய் நான்தான் தூக்கியாந்தேன். டோலி கட்டிக் கீழ எறக்கலாம்னு ஆளுங்களக் கூப்ட்டேன். வேணாம்மா, அவங்க வந்து தேடுவாங்கன்றா. மூணாம் நாளு எனக்குத் தெரியாம எழுந்து போயிட்டா. போய்ப் பாக்கறேன், கல்லு மேல சாஞ்சிக்கினு இருக்கா. ஒடம்பு மட்டும் சுட்டுக்கினே இருந்துச்சு. மூச்சு இல்ல."

கவிநிலா தன் தட்டைப் பார்த்தாள். சோறு மங்கலாகத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. வண்டியில எடம் இருந்திருக்காது. கெளம்பறப்ப எல்லாரும் வரேன்னுதான சொல்றோம்? போறேன்னு யாரு சொல்லுவா? இவதான் நெசம்னு நெனச்சிக்கினா. அந்தப் பொண்ணு ஒருக்கா வந்து, நான் வரல, நீ போம்மான்னு சொல்லிட்டா போதும். அவளும் எத்தினி நாளைக்கு நிப்பா, மழையில?"

பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் அந்த ஆபீசுதான? அது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

நான்தான். ஒரே சொல். கவிநிலா அதைத் தொண்டை வரை கொண்டுவந்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேங்க," என்றாள்.

*

புனே தம்பதியோடு திரும்பும்போது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். முருகவேல் நிறுத்தினார். என்ஜினை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார்.

பனிமூட்டம் இறுகியிருந்தது. கல்லின் முன்னால் ஒரு தேக்கிலையில் சாமைச் சோறு. காலையில் வைத்தது போலும். ஓர் எறும்புகூட ஏறியிருக்கவில்லை.

யாரும் இல்லை. ஈரம், பனி, கண்ணின் மயக்கம், படித்த பெண் நீ, என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போது அந்த வாடை வந்தது. நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவரின் போர்வையை விலக்கும்போது வரும் வாடை.

"இனியா," என்றாள் கிசுகிசுப்பாக. "நான்தான். அன்னிக்கு... மன்னிச்சிடும்மா."

மிச்சத்தைச் சொல்ல வேண்டும். நான் வரல, நீ போ. ஐந்து வருடம் கழிந்தாலும் அதைச் சொல்லத் தனக்கு வராது என்று அவளுக்குப் புரிந்தது. போ என்று எந்த முகத்தோடு சொல்வது?

முருகவேல் ஹாரனை லேசாகத் தட்டினார். திடுக்கிட்டுத் திரும்பினாள். திரும்பும்போதே கை தானாகக் குவிந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"சரி, போயிட்டு வரேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

"சரிக்கா."

முதுகுக்குப் பின்னாலிருந்து. ஜலதோஷம் பிடித்த, மெல்லிய குரல்.

கவிநிலா திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். பின்னால் சேற்றில் செருப்பில்லாத கால்கள் வைத்து எடுக்கும் சத்தம். அவள் வேகமாக நடந்தால் அது பின்தங்கியது. நின்றால், இரைக்க இரைக்க வந்து சேர்ந்தது.

வண்டிக்குள் ஏறிக் கதவை இழுத்தாள்.

கதவு சாத்திக்கொள்ளவில்லை.

"நல்லா இழுத்துச் சாத்துமா," என்றார் முருகவேல்.

"சாத்த மாட்டேங்குதுண்ணா."

அவர் இறங்கி வந்து வெளியிலிருந்து தள்ளினார். கதவு முக்கால்வாசி வந்து, மெத்தென்று எதன்மீதோ இடித்துத் திரும்பியது. இன்னொரு முறை தள்ளினார். பிறகு கையைச் சட்டென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, சுடுது?"

கவிநிலா பின் சீட்டின் நடுவைப் பார்த்தாள். விருந்தாளி அம்மாளின் பை அங்கே உட்கார்ந்திருந்தது.

வாயைத் திறந்தாள். தட்டுத் தடுமாறி, இலக்கணமில்லாத ஆங்கிலத்தில், அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"ஓ, சாரி," என்று அந்த அம்மாள் உடனே எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். போன வருடமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

கவிநிலா நடுவுக்கு நகர்ந்தாள். ஓரத்து இடம் காலியானது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சத்தமில்லாமல், யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதுபோல.

மலை இறங்கும் வரைக்கும் அவளுடைய இடது கை அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் சுட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கனம் அவள் தோளில் சாய்ந்து, தயங்கி விலகியது. முருகவேல் கண்ணாடியில் ஒரு முறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. விருந்தாளி அம்மாள் மட்டும் ஏ.சி.யைக் கூட்டச் சொன்னாள்.

தம்பதியை ரமணாசிரமத்துப் பக்கம் அவர்கள் அறையில் இறக்கிவிட்டபோது மணி நாலரை.

"வேங்கிக்காலுக்கா?" என்றார் முருகவேல்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். கவிநிலா மறுபக்கமாக இறங்கி வந்து நின்ற பிறகும், கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார்.

காய்ச்சலுக்குச் சீட்டுப் போடும் வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சம், பினாயில் வாடை, எங்கோ அழும் குழந்தை. கவிநிலா கைப்பேசியை எடுத்தாள். அலுவலகம் கொடுத்த எண். 'மேல்நெல்லி சாப்பாடு' என்று பதிந்திருந்தாள்.

"உண்ணாமலைம்மா, மதியம் வந்தவ பேசறேன். நீங்க கேட்டீங்களே, அந்தப் பொண்ணு. அது நான்தாங்க."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரித்தது. 

"வண்டியில எடம் இருந்துச்சா?" என்றாள் உண்ணாமலை.

பொய் சொல்ல அவகாசம் இருந்தது.

"இருந்துச்சுங்க," என்றாள் கவிநிலா.

இணைப்பு துண்டானது. வரிசை நகர்ந்தது. அழக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டு அவளும் நகர்ந்தாள்.

கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேஷண்ட் பேரு?"

"இனியா."

"வயசு?"

"பதினேழு."

"எத்தினி நாளா காய்ச்சல்?"

நாலு நாளோடு ஒரு வருடத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று கவிநிலா எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எரிச்சலோடு நிமிர்ந்தாள். அவள் பார்வை கவிநிலாவின் மேல் படவில்லை. இடது பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. எரிச்சல் மெல்ல மறைந்தது.

"ஏம்மா, புள்ள இந்த நடுக்கம் நடுங்குது, இத்தினி நேரம் லைன்லயா நிக்க வெச்சிருந்த? அந்த பெஞ்சுல படுக்க வை, போ. நான் டாக்டரக் கூப்புடறேன்."