இருமிய புல்

வண்டியின் முன்மூடி மேல் வைத்திருந்த சின்ன ஒலிப்பெட்டி குருவிக் குரலைப் போட்டு ஓய்ந்ததும், மணல்மேட்டுப் பக்கமிருந்து பதில் வந்தது. பதிலுக்கு முன்னால் ஓர் இருமல்.

நெரிடா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "வார்விக், அது இருமிச்சா?"

"எதிரொலி," என்றான் அவள் கணவன், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "ரெக்கார்ட் பண்றப்போ ஆரம்பத்துல நான் இருமியிருக்கேன்ல, அதான்."

"எதிரொலி இவ்ளோ நேரம் யோசிச்சிட்டா வரும்?"

"காதை எங்க அடகு வச்ச? இருமல் கிடக்கட்டும், பதில் சொன்னது புல்சிட்டு. எட்டு வருஷமா புல்லுக்குள்ள ஒளிஞ்சு எனக்குத் தண்ணி காட்டுற அதே குருவி."

பாலைவன ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில்லில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பியதிலிருந்து இருவரும் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆனால் இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் கீழே தொட்டி நிரம்பி, இந்தக் கொதிக்கிற சாயங்காலத்தில் தண்ணீர் வழிந்து மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் தினைக்குருவிகளும் பச்சைக்கிளிகளும் அங்கே சந்தைக்கடை வைத்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. காலையிலிருந்து உதட்டிலும் கண்ணோரத்திலும் மொய்த்து உயிரை எடுத்த ஈக்கள்கூட எப்போது போயின என்று தெரியவில்லை. சூடேறிய தகரத்தின் வாசனை மட்டும் இருந்தது.

குரல் போட்டுக் கூப்பிடுவதற்கு ஒரு வரைமுறை உண்டு. இரண்டு தடவை, அதோடு சரி. தன் இடத்துக்குள் வேறொருவன் புகுந்து கத்துகிறான் என்று நினைத்துத்தான் குருவி வெளியே வரும். வருவது அவனை விரட்ட. மற்றவர்கள் மூன்றாவது தடவை போட்டால் வார்விக் சண்டைக்கே போவான். இன்று அவனே கணக்கில்லாமல் போட்டுத் தீர்த்துவிட்டான். ஆசை வெட்கம் அறியாது.

"போதும், கிளம்பலாம்," என்றாள். "எனக்கு இந்த இடம் பிடிக்கல."

"ஒரே ஒரு எட்டு. மேட்டைத் தாண்டிப் பாத்துட்டு வந்துடுறேன். நீ வண்டியை விட்டு எறங்காத. இங்க செத்தவனெல்லாம் வண்டியை விட்டுப் போனவன்தான்."

"அப்ப நீ?"

"நான் குருவி பாக்கப் போறேன்," என்று சிரித்தான். கால்சட்டைப் பையில் வண்டிச் சாவி குலுங்கியது. வெள்ளைத் தொப்பி மேட்டில் ஏறி, சரிவில் இறங்கி மறைந்தது.

உட்கார்ந்திருந்தாள். மணல் சிவந்து கறுக்கத் தொடங்கியது. காற்றே இல்லை. ஆனாலும் புல் அசைந்தது. ஒரு புதர், பிறகு அதற்கு இந்தப்பக்கத்துப் புதர், எதையோ தேடுகிற மாதிரி. இடதுபக்கம் இருமல் கேட்டது. "ஒரே ஒரு எட்டு," என்றது அவன் குரல்.

அவன் போனது வலதுபக்கம்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வார்விக்!" என்று கத்தினாள்.

"வார்விக்!"

இரண்டாவதாகக் கத்தியது அவள் இல்லை. தூரத்தில், இடதுபக்கம். அவள் தொண்டை, அவள் பயம், எல்லாம் அப்படியே.

"வர்றேன், நெரி!" என்று மேட்டுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மூச்சு வாங்கிய, நிஜமான குரல். அவன் உயிரோடு இருக்கிறான். தொப்பி மேட்டின் மேல் தெரிந்தது. நின்றது. இடதுபக்கம் திரும்பியது.

கத்த வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கத்தினால் அதுவும் கத்தும். ஹாரன்! ஹாரனை அழுத்தினாள், உள்ளங்கை வலிக்க, விடாமல். தொப்பி அவள் பக்கம் திரும்பியது. தெய்வமே, வந்துவிடு.

கையை எடுத்தாள்.

இடதுபக்கம் ஹாரன் கேட்டது. நீளமாக. விடாமல்.

பள்ளத்து இருட்டில் வண்டி அவன் கண்ணில் படவில்லை; ஆனாலும் வார்விக் குழம்பவில்லை. வண்டி இருக்கும் இடத்தைத் தான்தான் தவறாக நினைத்துவிட்டோம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டான். இடதுபக்கமே நடந்தான். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். ஓடினாள். மணல் காலை வாரியது. விழுந்தாள். நிமிர்ந்தபோது அவன் அடுத்த மேட்டின் உச்சியில் நின்றிருந்தான்.

கீழே யாரையோ பார்த்துக் கையசைத்தான். சிரித்தான். இறங்கினான்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு அந்தச் சிரிப்பு. அதே சிரிப்பு, துளி மாறாமல்.

மறுபடியும். மேட்டுக்கு இந்தப்பக்கம்.

அவளுக்கு எதிரே இருந்த புதர் அசைந்தது. உள்ளே சாவி குலுங்கியது.