மிதித்தது யார் கால்?

"வீ...ல்!"

துணிக்கடை விற்பனைப் பெண்ணின் அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கடையின் முகப்புக் கண்ணாடி சுக்குநூறாகிக் கிடந்தது. நடுவில் ஒரு பெண்ணின் உடல். இளநீல கவுன். மல்லாந்த நிலை. ஒரு கை கல்லா மேஜைக்குக் கீழே...

தலை?

தலை மூன்றடி தள்ளி, சாக்ஸ் கூடைக்குள் சிரித்தபடி கிடந்தது!

"ஐயோ... தலை தனியா..." முதலில் ஓடி வந்த பெரியவர் தள்ளாடினார்.

"பதறாதீங்க சார். பொம்மை" என்றார் கடை முதலாளி, கண் கலங்க. "முந்தாநேத்துதான் வாங்கினேன். கவரைக்கூட முழுசாப் பிரிக்கலை!"

பொம்மையின் காலடியில் மூச்சிரைத்து நின்றது ஒரு சின்னக் கார். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. உள்ளே இரண்டு பேர். ஒருத்தி ஐந்தடி உயரப் பெண். மற்றவர் ஆறடி ஆள். ஊரில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். எவ்வளவு மோசமான மாணவனையும் பக்கத்து சீட்டிலிருந்தே பிரேக் போட்டுக் காப்பாற்றிவிடுவார் என்பதால் வந்த பெயர்.

அவள், அவர் மனைவி.

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊதச் சொல்லும் கருவியை நீட்டினார்.

"ஊதுங்க மாஸ்டர்."

மாஸ்டர் ஊதினார்.

கருவி கத்தியது. அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு!

"நீங்க ஊதுங்கம்மா."

பூஜ்யம்.

"வண்டியை ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "என் சர்வீஸ்ல நீங்க பதினோராவது மனைவிம்மா! புருஷன் குடிப்பாரு. பொண்டாட்டி ஓட்டியிருப்பாங்க. போன வருஷம் ஒருத்தர், படுத்த படுக்கையா இருக்கிற மாமியார் ஓட்டினாங்கன்னு எழுதியே குடுத்தாரு!"

"சத்தியமா இவதான் சார்!" மாஸ்டர் பதறினார். "ஆறு தடவை ஃபெயிலான ஒருத்தர் இன்னைக்கு ஏழாவது டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாரு. மத்தியானம் விருந்து குடுத்தாரு. சந்தோஷத்துல ரெண்டு கிளாஸ்..."

"ரெண்டா?"

"...நாலு. ஆனா சாவியை நான் தொடவே இல்லை! இவளுக்கு லர்னர் லைசென்ஸ் இருக்கு. போன் பண்ணி வரச் சொன்னேன். இவ ஓட்டினா. நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"எல்லாரும் ஸ்டேஷன்ல வந்து உட்காருங்க. அங்க பாத்துக்கலாம்."

மனைவி சாவியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவளுக்குத் தெரியும். குடித்துவிட்டு ஓட்டினார் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் கணவரின் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் ஸ்கூல் போகும். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

நான்கு மணி.

காவல் நிலையத்துக்குள் ஒரு பெண்மணி நுழைந்தார். தோளில் பை. கையில் அளவு டேப், டார்ச். காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர். இடித்த வண்டியைப் பார்த்து, இடித்தது எப்படி என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"மேடம், முதல்ல இவருக்குக் கணக்கைச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பயத்துல உண்மை தானா வெளிய வரும்."

சர்வேயரின் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அபராதம் ஒரு தடவையோட முடிஞ்சிடும் மாஸ்டர். லைசென்ஸை முடக்குவாங்க, அதுவும் ஒரு நாள் திரும்ப வந்துடும். பிரீமியம்தான் கூடவே வரும்! ஏன் தெரியுமா?"

"ஏன் மேடம்?"

"நாங்க ஒரு ஆளைப் பாக்கறதில்லை. உங்களை மாதிரி ஆயிரம் பேரைச் சேர்த்துப் பாக்கறோம். ஒழுங்கா ஓட்டற ஆயிரம் பேர்ல வருஷத்துக்கு எத்தனை பேர் இடிப்பாங்க? குடிச்சு மாட்டின ஆயிரம் பேர்ல எத்தனை பேர்? ரெண்டாவது கூட்டம் நிறைய இடிக்குது. தண்டனை விழுந்த அன்னைக்கே உங்க பேரு முதல் கூட்டத்துலேர்ந்து ரெண்டாவதுக்குப் போயிடும்."

"போனா?"

"இடிக்காம இருந்ததுக்குக் குடுத்த தள்ளுபடி முதல்ல போகும். அப்புறம் நூறு கட்டினவர் இருநூத்தம்பது கட்டணும். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். சில கம்பெனி, வேண்டாம் சாமி, வேற இடம் பாருங்கன்னு கும்பிடே போட்டுடும்."

"இப்ப இடிச்சதுக்கு...?"

"அந்தக் கடைக்காரர் என்ன பாவம் பண்ணாரு? அவர் கண்ணாடிக்கும் பொம்மைக்கும் நாங்க குடுத்துடுவோம். அப்புறம் அதை உங்ககிட்ட வசூல் பண்ணுவோம். உங்க கார் நொறுங்கினது உங்க பாடு!"

மாஸ்டருக்கு நாலு கிளாஸ் போதையும் ஒரே நேரத்தில் இறங்கியது.

"மேடம்... நான் ஓட்டலை மேடம்!"

"அதைக் கார் சொல்லட்டும்."

சர்வேயர் எழுந்து வெளியே போனார். காரை இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்து டேப்பை நீட்டினார். சீட்டைத் தள்ளிப் பார்த்தார். குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பி வந்தார்.

"மாஸ்டர், சட்டைப் பித்தானைக் கழட்டுங்க. தோளைக் காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"காட்டுங்க!"

தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக, சிவந்த கோடு.

"இன்ஸ்பெக்டர், வண்டி இடிச்சதும் சீட் பெல்ட் உடம்பை இழுத்துப் பிடிக்கும். தடம் பதியும். பெல்ட் எப்பவும் கதவுப் பக்கத் தோள்லதான் வரும். ஓட்டறவருக்கு ஒரு தோள், பக்கத்துல இருக்கறவருக்கு மத்தத் தோள். இவருக்கு இருக்கறது பக்கத்து சீட் தோள்ல!"

"அட!"

"இன்னொண்ணு. ஓட்டுநர் சீட் முன்னாடி தள்ளியிருக்கு. இடிச்ச இடியில சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளம் வளைஞ்சு அப்படியே இறுகிடுச்சு. யாராலும் நகர்த்த முடியாது. இந்த ஆறடி உடம்பு அந்த இடத்துல உட்கார்ந்தா முழங்கால் காதுக்கு வந்துடும். ஓட்டினது அம்மாதான்."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "நான் சொல்லலை? என் பொண்டாட்டி உத்தமி சார்! பதினோராவதும் இல்லை, பன்னிரண்டாவதும் இல்லை... முதல் மனைவி! உண்மையைச் சொன்ன முதல் மனைவி!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்குங்கம்மா. தப்பா நினைச்சிட்டேன். ஆமா... நிதானமா இருந்த நீங்க ஏன் பிரேக் போடலை?"

"போடத்தான் சார் போனேன். சரிவுல இறங்கிட்டிருந்தோம். குறுக்கே ஒரு சைக்கிள். உடனே இவரு, 'கால எடு! நான் பாத்துக்கறேன்!'னு கத்தினாரு. மூணு மாசமா கிளாஸ்ல தினம் அதேதான் கத்துவாரு. கேட்டதும் ரெண்டு காலையும் தூக்கிடுவேன். பழகிடுச்சு. அப்பதான் சார்..."

அவள் குரல் தாழ்ந்தது.

"அப்பதான்?"

"என் காலடியில இருந்த பெடல் ஒண்ணு... கால் எதுவும் படாமலே... தானா கீழ போச்சு! பேய் மிதிச்ச மாதிரி!"



சர்வேயர் மெல்லக் கேட்டார். "எந்தப் பெடல்மா?"

"ஓரத்துல இருக்கிறது. கிளட்ச்."

"ஏய்... சும்மா இருடி!" என்றார் மாஸ்டர். தாமதமாக.

சர்வேயரின் கண்கள் பளபளத்தன. "பேய் இல்லைம்மா. பயிற்சிக் கார்ல வாத்தியார் பக்கமும் பெடல் இருக்கும். ரெண்டையும் கம்பியால கோத்திருப்பாங்க. அவர் அங்க மிதிச்சா இங்க இறங்கும். பிரேக்னு நினைச்சுக் கிளட்சை மிதிச்சிருக்காரு. கிளட்ச் இறங்கினா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துடும். பிடிமானம் இல்லை. சரிவு வேற. வண்டி அவிழ்த்து விட்ட மாதிரி உருண்டு நேரா கண்ணாடிக்குள்ள!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி அணிந்தார்.

"பேரு பிரேக் மாஸ்டர். மிதிச்சது கிளட்ச்!"

"சார்... ஸ்டீயரிங் அவ கையில சார்!"

"கத்துக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்தா வண்டி வாத்தியார் பொறுப்பு மாஸ்டர்" என்றார் சர்வேயர் பொறுமையாக. "நீங்க பெடலைத் தொடாம தூங்கியிருந்தாலே கேஸ்தான். தொட்டுட்டீங்க. சட்டத்துக்கு நீங்கதான் ஓட்டினீங்க. இத்தனை நேரம் நீங்க சொன்ன உண்மை ஒவ்வொண்ணும் உங்களுக்கு எதிரான சாட்சி!"

"அப்ப நான் பின்சீட்ல படுத்திருந்தா?"

"லர்னர் லைசென்ஸ்ல துணையில்லாம ஓட்டினதுக்கு அம்மா மேல கேஸ்."

"பின்ன நான் என்னதான் பண்ணியிருக்கணும்?"

"டாக்ஸி."

மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. அபராதம். லைசென்ஸ் ஒரு வருடம் முடக்கம். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட். மனைவியை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

ஸ்கூல் கதவில் பூட்டு தொங்கியது.

மாஸ்டர் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார், மனைவியையும் இழுத்துக்கொண்டு. "மேடம், ஒரு யோசனை! காரை இவ பேருக்கு மாத்திட்டா பழைய பிரீமியம்தானே?"

"வீட்ல யார் யார் ஓட்டுவாங்கன்னு படிவத்துல கேட்போமே மாஸ்டர். உங்க பேரு வந்தா ஏறும்."

"வராம இருக்க வழி?"

"இந்த ஆள் இந்தக் கார் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார்னு எழுதிக் குடுக்கணும். தொட்டு இடிச்சா ஒரு பைசா வராது."

மாஸ்டர் யோசிக்க வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"என்னடி பண்றே? ஸ்கூலை யாரு நடத்தறது?"

"நான்தான்."

"உனக்கு ஓட்டவே தெரியாதே!"

"எதிர்த்தெரு ஸ்கூல்ல சேர்ந்து ரெண்டு மாசமாச்சுங்க. அங்க யாரும் கத்தறதில்லை. போன வாரம் டெஸ்ட், முதல் தடவையே பாஸ். அடுத்தது வாத்தியார் பரீட்சை. படிச்சிட்டிருக்கேன்."

மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார்.

ஒரு வருடம் ஓடியது. ஸ்கூல் வாசலில் புதுப் பலகை. உள்ளே மூன்று மாணவர்கள் வரிசையில். நான்காவதாக, தலையைக் குனிந்தபடி ஆறடி உயரத்தில் ஒருவர்.

"டெஸ்டுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. எனக்கும் கொஞ்சம் பயிற்சி..." என்று இழுத்தார்.

"தாராளமா! இன்னொரு வண்டி வாங்கியிருக்கேன், அதுக்குத் தனி பாலிசி" என்ற மனைவி, சாவியோடு 'எல்' போர்டையும் எடுத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை எங்கங்க ஒட்டறது... கார்லயா, உங்க முதுகுலயா?"