கர்ச்சீப் போட்ட சீட்

ஸ்லோவீனியா கையளவு நாடு. காலையில் ஒரு மூலையில் ரயிலேறினால் சாயங்காலத்துக்குள் மறு மூலையில் இறங்கிவிடலாம் என்று ஆபீசில் யாரோ சொன்னதை நம்பி, டெக்சாஸ் இர்விங்கிலிருந்து மனைவி கண்மணியையும் எட்டு வயது மகள் அதிதியையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான் நஞ்சுண்டன். கார் எடுக்காமல் ரயிலிலேயே ஒரு தேசத்தைச் சுற்றுவதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. கண்மணியின் பையில் புளியோதரையும் தட்டுவடையும் கனமான எவர்சில்வர் ஃப்ளாஸ்க்கும் கூடவே ஊர் சுற்றின.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மலைக்குப் போகும் ரயில் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்குள் வந்தபோது பிளாட்பாரத்தில் காலை வைக்க இடமில்லை. பழைய காலத்துப் பெட்டி, மேல்கண்ணாடியை இறக்கிவிட்ட ஜன்னல். அதைப் பார்த்ததுதான் தாமதம், நஞ்சுண்டனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்ட் விழித்துக்கொண்டது. ரயில் நிற்பதற்குள் கூடவே ஓடினான். காலியாகத் தெரிந்த ஒரு ஜன்னலோர சீட்டின் மேல், பாக்கெட்டிலிருந்த நீலக் கட்டம்போட்ட கர்ச்சீப்பைக் குறி பார்த்து வீசினான்.

“புடிச்சாச்சு! அமெரிக்கா போயும் கை மறக்கல பாத்தியா?”

“ஐயோ, மானத்த வாங்கறீங்க,” என்று கண்மணி சிரித்தாள்.

உள்ளே ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒற்றை சீட்டைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றார்களே தவிர, ஒருவரும் அதன் பக்கம் நகரவில்லை. வேறு நாளாக இருந்தால் நஞ்சுண்டன் யோசித்திருப்பான். இடம் பிடித்த சந்தோஷத்தில் எவன் யோசிக்கிறான்?

ஒரு கிழவி தன் குடை நுனியால் கர்ச்சீப்பைத் தூக்கி அவனிடம் நீட்டினாள். தலையை வேகமாக ஆட்டினாள். “நோ. நோ.”

“நம்ம கலரப் பாத்துட்டு சொல்றா,” என்று நஞ்சுண்டன் பல்லைக் கடித்தான். கர்ச்சீப்பை வாங்கி மறுபடி சீட்டிலேயே விரித்தான். “நீ உக்காரு சாமி,” என்று அதிதியை முன்னால் தள்ளினான்.

“ஏனுங்க, வேண்டாமுங்க. நின்னுக்கிட்டே போயிரலாம்.”

“நீ சும்மா இரு கண்மணி.”

அதிதி உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரத்தில் முதல் குகைப்பாதை வந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை. சக்கரச் சத்தம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. துரு வாடை, நனைந்த கரி வாடை, அதற்கடியில் வேறு ஏதோ கெட்டுப்போன வாடை. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெளிச்சம் வந்தது.

அதிதியின் முகம் வெளுத்திருந்தது. உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

“அப்பா… ஐ ஆம் சிட்டிங் ஆன் சம்படீஸ் லாப். யாரோ மடியில…”

நஞ்சுண்டன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவள் டீ-ஷர்ட்டின் வயிற்றுப் பக்கம், துணி பத்து விரலுக்கும் தனித்தனியாகக் குழிந்திருந்தது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தான். குழந்தை வீறிட்டாள். இடுப்பில் அந்தக் குழிகள் இறுகின.

அடுத்த குகை.

இருட்டில் முதலில் கேட்டது கண்ணாடி. அதிதியின் தலையை ஏதோ பிடித்து ஜன்னலில் மோதிற்று. மறுபடியும் மோதிற்று. கண்ணாடி விரிசல் விடும் சத்தம் கேட்டது, அவள் குரல் நின்றுபோனது. “எம் புள்ள! எம் புள்ள!” என்று கண்மணி கத்திக்கொண்டே காலைப் பிடித்து இழுத்தாள். நஞ்சுண்டன் குழந்தையின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே வலது கையை நுழைத்தான்.

கையில் பல் பட்டது.

மோதிர விரலை அது அவசரப்படாமல் கடித்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. சூடான ரத்தம் முழங்கை வரை ஓடியது. வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது, பயத்தைவிடக் குழந்தை.

கிழவி இருட்டில் ஏதோ கத்தினாள். சீட்டில் தடவி எடுத்த கர்ச்சீப்பை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள், மறுபடியும் மறுபடியும் குத்தினாள். பாஷை புரியவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. இடம் போட்டவன் எவனோ, அவன்தான் உட்கார வேண்டும்.

“அவள விடு!” நஞ்சுண்டன் தொண்டை கிழியக் கத்தினான். “துண்டு போட்டது நானு! இது என்ற சீட்டு! நான் உக்காந்துக்கறேன், அவள விட்ரு!”

அதிதி பறந்துவந்து தாயின் மேல் விழுந்தாள்.

அவன் சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது.

உட்கார்த்தி வைத்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. காது மடலைப் பற்றி இழுத்தது, தோல் கிழிந்து கழுத்தில் தொங்கியது. கண்மணி குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி ஃப்ளாஸ்க்கால் அவன் தோளுக்குப் பின்னால் வெறிபிடித்தவளாக அடித்தாள். இரும்பில் பட்ட சத்தம் வரவில்லை. சதையில் பட்ட சத்தம் வந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள்.

குகை முடிந்தது. பிடி விட்டது.

அதிதிக்கு நெற்றியில் தையல், நஞ்சுண்டனுக்கு உடம்பெல்லாம் கட்டு. கண்ணாடி உடைந்ததால் வந்த விபத்து என்றார்கள் ரயில்வேக்காரர்கள். சீட்டுக்கடியில், தண்டவாளத்தில் எல்லாம் தேடினார்கள். விரல் கிடைக்கவில்லை. அதிலிருந்த கல்யாண மோதிரமும் கிடைக்கவில்லை. நீலக் கர்ச்சீப்பும்தான்.

இர்விங் திரும்பியபின் ரயில் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. எங்கே போனாலும் காரில்தான். ஆனால் இலையுதிர்காலத்தில் டாலஸில் பெரிய பொருட்காட்சி வந்தது. அதிதியின் சிநேகிதிகள் எல்லோரும் ஊருக்குள் ஓடும் லைட் ரெயிலில் போகிறார்களாம்.

“அது அந்த ஊரோட போச்சுங்க. பட்டப்பகல்தானே? புள்ள ஆசப்படறா,” என்றாள் கண்மணி. “எத்தன நாளைக்கு இப்படி பயந்துக்கிட்டே கெடப்பீங்க?”

நண்பகல். ரயில் பிதுங்கியது. கவ்பாய் தொப்பிகளும் ஸ்ட்ரோலர்களுமாக வழியெல்லாம் ஆட்கள். கண்மணி கதவோரமே சிக்கிக்கொண்டாள். அதிதி கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் ஓடினாள்.

“அப்பா! எம்ப்டி சீட்!”

அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு சீட். சுற்றி நின்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

சீட்டின் மேல் நாலாக மடித்து வைத்த ஒரு நீலக் கட்டம்போட்ட கர்ச்சீப். காய்ந்த ரத்தம் பழுப்பேறியிருந்தது.

நஞ்சுண்டன் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். உட்காரப் போன குழந்தையைப் பின்னலைப் பிடித்து இழுத்தெறிந்தான். அவள் கீழே விழுந்து அழுதாள். யாரோ திட்டினார்கள்.

அவன் உட்கார்ந்தான்.

“அப்பா, ஒய் டிட் யூ டூ தட்?”

“ஒண்ணுமில்ல சாமி,” என்றான். “அம்மாகிட்ட ஓடிரு. இது அப்பா புடிச்ச சீட்டு.”

ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. இங்கே விளக்குகள் அணையவில்லை.

அவனுக்குக் கீழே இருந்தது சீட் இல்லை. மடி. கதகதப்பாக இருந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து, நிதானமாக அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டன. நஞ்சுண்டன் குனிந்து பார்த்தான். சாம்பல் நிற விரல்களுக்கு நடுவில் ஒரு விரல் மட்டும் மாநிறமாக இருந்தது.

அதில் அவன் கல்யாண மோதிரம்.