அது பாட்டுக்கு ஓடட்டும்

மாமனாரின் இருமல் பாதியில் அறுந்தது.

சோப்பு விளம்பரம் முடிந்து செய்தி தொடங்குவதற்குள், டிவியில் ஒரு நொடி சத்தமே இல்லாமல் போனது. அந்த ஒரு நொடியில் கிழவரின் தோள்கள் குலுங்கின, வாய் பிளந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இருமல் மட்டும் வரவில்லை. செய்தியின் தாளம் தடதடவென்று கிளம்பியதும், மிச்சமிருந்த இருமல் அதன் கூடவே வந்து விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்குப் பிழைப்பே அதுதான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு, கேட்கிறது என்பதற்கும் கேட்கவில்லை என்பதற்கும் நடுவிலேயே பத்து வருஷமாகக் குடியிருப்பவள்.

"வந்ததும் வராததுமா என்ன, டிவியை அப்படி முறைக்கிற?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா பேச சௌகரியமா இருக்கும்னு..."

"ஆரம்பிச்சாச்சு! காது டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வாயைப் பொத்திக்குங்க."

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் டாக்டர் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பட்டம்.

"அது பாட்டுக்கு ஓடட்டும் விடு" என்றான் அவன். "ரெண்டு நாள்தானே?"

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இந்த வீட்டு வாசலை மிதித்த ஒவ்வொரு தடவையும் சண்டை இதற்காகத்தான். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டி காலையில் பல் தேய்க்கும்போதும் ஓடும், சாப்பிடும்போதும் ஓடும், கூடத்தில் ஆளே இல்லாதபோதும் ஓடும். திரையில் வெயில் விழுந்துவிடக் கூடாதென்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருப்பார்கள். அந்த அரை இருட்டில் சூடான தூசியின் வாடையும் பழைய மெத்தையின் வாடையும் கலந்து மூக்கை அடைக்கும். எல்லோர் முகத்திலும் நீலமும் சிவப்பும் மாறி மாறி வழியும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்.

சண்டை போட்டுப் போட்டு, மூன்று வருஷமாக அவள் இந்தப் பக்கமே வரவில்லை. கடைசியாக வந்தபோது மகள் கைக்குழந்தை. இப்போது குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தெரிந்த வார்த்தைகள் ஒன்பது. அம்மா, பால், வா, போ, தா, வேண்டாம், நாய், நிலா, செருப்பு. ஒவ்வொன்றுக்கும் அவள் தலைகீழாக நின்றிருக்கிறாள். குழந்தையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, "பாரு, அதிருது பாரு" என்று சொல்லிச் சொல்லி, ஒரு வார்த்தைக்கு ஒரு மாதம், இரண்டு மாதம். வீட்டில் டிவி இல்லை. கணவன் கையில் சதா ஏதாவது காட்சி ஓடிக்கொண்டிருக்கும் ஃபோனைக்கூட, வீட்டுக்குள் நுழைந்ததுமே அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. தலையாட்டுவான், கை காட்டுவான், ஏதாவது கேட்டால் வெறித்துப் பார்ப்பான். ஒரு வருஷமாக முறைத்துக்கொண்டு திரிகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதே மனிதன் காலையில் இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தானோ இல்லையோ, "அக்கா, டீ போடு!" என்று கூரை அதிரக் கத்தினான்.

முதல் நாள் எப்படியோ கழிந்தது. குழந்தையை அவள் உள் அறையிலேயே வைத்துக்கொண்டாள். நாத்தனார் கதவுக்கு வெளியே நின்று, அவளுக்குக் கேட்கும்படி தம்பியிடம் பேசினாள்.

"புள்ளையை அடைகாக்கறாப்பா உன் பொண்டாட்டி. நாங்க என்ன, பார்வையிலயே தின்னுடுவோமா?"

"விடுக்கா."

"நீயும் ரெண்டு வயசு வரைக்கும் ஊமைக் கோட்டான்தான். நம்ம வீட்டுக்கு இந்த டிவி வந்தப்புறம்தானே வாயைத் திறந்த? அதைச் சொல்லேன் அவகிட்ட."

மறுநாள் மதியம் அவள் அசந்துவிட்டாள். சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரின் இரைச்சல். குழந்தை தூங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் வந்தது.

"அத்தை, அந்த மாமா ஏன் ஓடறாரு?"

விளம்பரத்தில் வருகிற ஏதோ குழந்தை என்றுதான் நினைத்தாள்.

"பஸ்ஸைப் பிடிக்க ஓடறாருடா தங்கம்" என்றது நாத்தனாரின் குரல்.

"அவருக்குக் கால் வலிக்காதா?"

தட்டு கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஈரக்கையோடு ஓடினாள்.

மகள் டிவிக்கு எதிரே, தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்த முதுகு. முகம் முழுக்க நீலம். அவள் குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா... என்னம்மா சொன்ன? அம்மாகிட்ட சொல்லு. இன்னொரு தடவை."

குழந்தையின் கண்கள் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"மறைக்காதேம்மா" என்றது. "தள்ளிக்கோ."

நாத்தனார் சோபாவில் சாய்ந்துகொண்டு கைதட்டினாள். "கேட்டியா? கேட்டுக்கோ! மூணு வருஷமா புள்ளையைக் கண்ணாடி ரூம்ல பூட்டின மாதிரி வளத்த. ஒரே மத்தியானத்துல பேச வெச்சுட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கும் இதைச் சொல்லிக் குடு, புண்ணியமாப் போகும்."

மாமனார் இருமிக்கொண்டே சிரித்தார். "படிச்ச பொண்ணு. அதான் லேட்."

அவளுக்கு அழுகை வந்தது. அவமானத்தினாலா, சந்தோஷத்தினாலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. என் குழந்தை பேசுகிறது. அது போதும். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

"அப்ப முடிவாயிடுச்சு" என்றான் கணவன். "பாப்பா இங்கயே இருக்கட்டும். ஒரு ஆறு மாசம்."

"என்னங்க பேசறீங்க?"

"பேசுது இல்ல? உனக்கு அதுதானே வேணும்?"

"அதுக்காக? விட்டுட்டுப் போறதா? என் புள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன், இன்னிக்கே."

"பாப்பாவையே கேளு" என்றாள் நாத்தனார். "இப்பத்தான் வாய் இருக்கே. தங்கம், அம்மாகூடப் போறியா, அத்தைகிட்ட இருக்கியா?"

"இங்கயே இருக்கேன்" என்றது குரல். "அம்மா வீட்டுல இருட்டா இருக்கும்."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

குழந்தை அவளுக்கு முன்னால் இருந்தது. அவளுக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. உதடுகள் அசைந்ததை அவள் பார்த்தாள். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மற்றவர்களுக்குச் சோதனை செய்து சொல்பவள் அவள். குரல் அவள் முதுகில் பட்டது. சுவரிலிருந்து வந்து பட்டது.

அவள் மெதுவாக இரண்டு விரல்களை எடுத்துக் குழந்தையின் தொண்டையில் வைத்தாள்.

"பாப்பா. உன் பேர் என்ன, சொல்லு."

குழந்தை சொன்னது. பேரை முழுசாக, திக்காமல், தெளிவாகச் சொன்னது. விரல்களுக்குக் கீழே தோல் இளஞ்சூடாக இருந்தது. நாடி துடித்தது. அதிர்வு இல்லை. துளிகூட இல்லை.

ரிமோட் சோபாவின் கைப்பிடியில் கிடந்தது. அவள் எட்டி எடுத்தாள்.

"தொடாதே" என்றாள் நாத்தனார்.

சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

கூடம் அடங்கியது. திரையில் யாரோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். மின்விசிறி சுற்றும் ஒலி கேட்டது. சமையலறையில் மூடாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் விழுவது கேட்டது. நாத்தனார் எழுந்து நின்று, விரலை நீட்டி, கண்ணை உருட்டி, அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாய் வேகவேகமாகத் திறந்து மூடியது. சத்தம் இல்லை. மாமனார் குலுங்கிக் குலுங்கி இருமினார். சத்தம் இல்லை. கணவன் கைகளை விரித்து அவளிடம் எதையோ கெஞ்சினான். பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது, அந்த வாய்க்குள் இருட்டு தெரிந்தது.

சத்தம் இல்லை.

"ஐயோ" என்றாள் அவள். அந்த அறையில் அது ஒன்றுதான் குரல். அது சுவர்களில் மோதிப் பெரிதாகத் திரும்பி வந்தது. உடனே மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் தொண்டையையே பார்த்தார்கள். பசித்தவர்கள் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுபோல.

நாத்தனார் அவசரப்படவில்லை. அருகில் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரிமோட்டை வாங்கி அழுத்தினாள். டிவியின் இரைச்சலோடு, நாத்தனாரின் பேச்சும் பாதியிலிருந்து வந்து குதித்தது.

"...ன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"என்ன இது?" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இது என்ன?"

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான் கணவன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நம்ம வீட்டுல எப்படிச் சொல்றது? நீதான் எல்லாத்தையும் பூட்டிட்டியே."

"எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள் நாத்தனார். இப்போது அவள் குரலில் ஒரு கனிவு வந்திருந்தது, அது திட்டைவிட மோசமாக இருந்தது. "வரும், போகும், பழகிடுச்சு. புள்ளைக்குக் குரல் இன்னிக்குத்தான் இதுல ஒட்டியிருக்கு. இப்பத் தூக்கிட்டுப் போனியானா அத்துக்கும். அப்புறம் உன் இஷ்டம். நீ பெத்தவ."

"பொய்."

"சரி, பொய். தூக்கிட்டுப் போய்ப் பாரேன்."

யாரும் வழியை மறிக்கவில்லை. மாமனார் காலை மடக்கி இடம்கூட விட்டார். அவள் குழந்தையை அள்ளினாள். குழந்தை கனத்தது. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"கொஞ்சம் இருந்து, அந்த ஒன்பது வார்த்தையையாவது ஒருதரம் கேட்டுட்டுப் போ" என்றாள் நாத்தனார்.

அவள் ஓடினாள்.

கூடம். நடை. வாசற்படி. வெயில் அறைந்தது. செருப்புப் போடவில்லை. தெருவில் ஆளில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நல்ல பகல். காக்கை ஒன்று கத்தியது. அது கேட்டது. தூரத்தில் ஒரு லாரி. அதுவும் கேட்டது. தன் மூச்சும்.

மதில் நிழலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா சொல்லு. அம்மா. சொல்லுடா கண்ணு."

குழந்தை அவளைப் பார்த்தது. உதடுகள் ஒட்டின. பிரிந்தன. மறுபடி ஒட்டிப் பிரிந்தன. அவள் சொல்லிக் கொடுத்தபடியே. பிசகே இல்லாமல்.

ஒன்றும் வரவில்லை.

"பால் சொல்லு. நிலா. செருப்பு. ஏதாவது."

உதடுகள் அசைந்தன. தொண்டையில் விரலை வைத்தாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். குழந்தைக்கு வலித்தது. முகம் கோணியது, கண்ணீர் வழிந்தது, வாய் அகலமாகத் திறந்தது. உள்நாக்குவரை தெரிந்தது.

ஒன்றும் இல்லை.

தலைக்கு மேலே ஜன்னல். இழுத்து மூடிய திரை. அதற்குப் பின்னால் விளம்பரப் பாட்டு ஒன்று முடிந்தது.

"அத்தை" என்றது உள்ளிருந்து அந்தப் பிஞ்சுக் குரல். "அம்மா எங்க?"

"வெளிய உக்காந்திருக்காடா தங்கம். உள்ள கூப்பிடட்டா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றது குரல். "அம்மா அழுவா. டிவி கேக்காது. கதவைச் சாத்திடுங்க."

கதவைச் சாத்தும் ஓசை. தாழ்ப்பாள். பிறகு சிரிப்பு. நாத்தனாரின் சிரிப்பு, மாமனாரின் இருமல் கலந்த சிரிப்பு, கணவனின் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, மூச்சு வாங்க வாங்க, கெக்கெக்கே என்று, அவள் இதுவரை ஒருநாள்கூடக் கேட்டிராத தன் மகளின் சிரிப்பு.

அவள் குனிந்தாள்.

மடியில் குழந்தையின் கண்ணீர் இன்னும் காயவில்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. தோள்கள் குலுங்கின. ஜன்னலுக்குள் சிரிப்பு எழும்போதெல்லாம் அந்தச் சின்ன வாய் திறந்தது, அடங்கும்போது மூடியது. மறுபடி திறந்தது.